பப்ளிக் ஸ்கூலில் படித்தவர்

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். அவர்களில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவர்தான் ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுக்காரரு பொண்ணைப் பப்ளிக் ஸ்கூல்ல சேர்த்தலாங்கறாரு. அவ்ளோ ஃபீஸுக்கு எங்கீங்க போறது?”

மற்றவர் சிரித்துவிட்டார். “இங்க பப்ளிக்னா கவர்மென்ட் ஸ்கூலுங்க. ஃபீஸே கிடையாது. ஏழை, பணக்காரன் எல்லார் பிள்ளையும் ஒண்ணாப் படிக்கணும், பிள்ளை இல்லாதவங்களும் அதுக்கு வரி கட்டணும்னு, இந்த நாட்டுக்குக் கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் ஊர் ஊராப் போய்ப் பேசியிருக்கார். அவரைப் பத்தி என் பொண்ணு ஸ்கூல்ல ப்ராஜெக்ட் பண்ணா.”

புதியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நானும் கவர்மென்ட் ஸ்கூல்தானுங்க. மாமியார் வீட்ல கூச்சப்பட்டுச் சொன்னதே இல்லீங்க.”

“இனிமே பப்ளிக் ஸ்கூல்னு சொல்லுங்க. பொய்யில்லையே!”

“வேண்டாமுங்க. கவர்மென்ட் ஸ்கூல்னே சொல்லிக்கறேன்.”