வீட்டு வானுக்கு வயர்

சின்னராசா: வயரில எத்தினை வயர் இருக்கு அண்ணை. எதுக்கெண்டு சொல்லுங்கோ, பேந்து வெட்டுறன்.

அப்புத்துரை: எதுக்கெண்டு உனக்கு ஏன்? கரண்ட் போற வயர். சூடாகாத வயர்.

சின்னராசா: வயர் தானாச் சூடாகாது அண்ணை. நீங்கள் அதில என்னத்தைக் கொழுவிறியள் எண்டதில கிடக்கு. தண்ணி மோட்டருக்கோ?

அப்புத்துரை: இல்லை.

சின்னராசா: மா அரைக்கிற மெசினுக்கோ?

அப்புத்துரை: நீ வயர் விக்கிறியோ, விசாரணை வைக்கிறியோ?

சின்னராசா: கேக்காமல் தந்து நாளைக்கு வீடு பத்தினா, முதல் ஆளா வந்து என்ர கடைக் கண்ணாடியை உடைக்கிறது நீங்கள்தானே.

அப்புத்துரை: ...ஒரு வானுக்கு.

சின்னராசா: வானுக்கு என்னத்துக்கு வீட்டுக் கரண்ட்?

அப்புத்துரை: அது வீட்டு வான். உள்ளுக்குக் கட்டில் கிடக்கு, பிரிஜ் கிடக்கு, கேஸ் அடுப்புக் கிடக்கு. நீர்கொழும்பில இருந்து வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு ஊர் சுத்திற வான்.

சின்னராசா: அட, கிருசாந்தன்ர வானோ! மகன் வந்து உங்கட வளவுக்குள்ள நிக்கிறான் எண்டு கண்டாவளைச் சனம் கதைச்சது. அப்ப கோவம் தீந்திட்டுது...

அப்புத்துரை: ஆர் சொன்னது? கலியாணம் முடிச்சுக்கொண்டு வந்த அண்டைக்கு, ரெண்டு பேரும் என்ர வாசல் மிதிக்கக்கூடாதெண்டு படலையில நிண்டு சொன்னனான். இண்டுவரைக்கும் மிதிக்கேல்லை. மாட்டுக்கொட்டிலடியில வானை விட்டிட்டு, அதுக்குள்ள சமைச்சு, அதுக்குள்ள படுக்கினம். நான் சொன்ன சொல்லு அப்பிடியே கிடக்கு.

சின்னராசா: பொஞ்சாதியும் வந்திருக்கிறாவோ? தர்மபுரத்துப் பழனியாண்டி அண்ணையின்ர மகள்...

அப்புத்துரை: வந்திருக்கு. ஒரு பெட்டைக்குஞ்சும் வந்திருக்கு.

சின்னராசா: பேத்தி எண்டு சொன்னா வாய் வெந்திடுமோ? மலைநாட்டால வந்த சனமெண்ட ஒரு கதைக்காக இவ்வளவு காலம்... அவையளும் எங்களோட ஒண்டா இடம்பெயர்ந்து, ஒண்டா வந்து குந்தின சனம்தானே அண்ணை.

அப்புத்துரை: வயரைக் காட்டு எண்டனான்.

சின்னராசா: காட்டுறன், காட்டுறன். வானில பிளக் என்ன மாதிரி?

அப்புத்துரை: நீலம். உருண்டை. உள்ளுக்கு மூண்டு கம்பி. எங்கட வீட்டுப் பிளக் ஒண்டிலயும் போகாது.

சின்னராசா: அப்ப அதுக்கொரு அடப்டரும் வேணும். ஒரு பக்கம் நீலம், மற்றப் பக்கம் எங்கட சதுரக் கம்பி... வாங்கோ தங்கச்சி, உங்களுக்கு என்ன வேணும்?

நிரோஜா: அண்ணை, வானுக்குப் போடுற நீலப் பிளக்குக்கு ஒரு... ஐயோ.

சின்னராசா: என்ன ஐயோ?

நிரோஜா: மாமா நிக்கிறார். நான் பேந்து வாறன்.

அப்புத்துரை: சின்னராசா, வெய்யிலுக்குள்ளால வந்த ஆளை ஏன் திருப்பி அனுப்புறாய்? நிக்கச் சொல்லு.

சின்னராசா: நானோ அனுப்பினனான்? ...தங்கச்சி, நிக்கட்டாம்.

நிரோஜா: கேட்டது அண்ணை.

அப்புத்துரை: எதில வந்ததெண்டு கேள்.

சின்னராசா: எதில வந்தனியள்?

நிரோஜா: பஸ்ஸில எண்டு சொல்லுங்கோ.

சின்னராசா: பஸ்ஸிலயாம்.

அப்புத்துரை: ஏன், அவன்ர வானுக்கு என்ன?

நிரோஜா: வானை எடுத்தா, வெளிக்கிட்டிட்டம் எண்டு மாமி பதறுவா. அதுதான் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை.

சின்னராசா: அண்ணை, அவ உங்களுக்கு முன்னால நிக்கிறா. நான் நடுவில நிண்டு ஏன் தொண்டை காயவேணும்?

அப்புத்துரை: எப்ப வெளிக்கிடினம் எண்டு கேள்.

நிரோஜா: திங்கட்கிழமை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போற வழியில, சும்மா ஒருக்கா வந்தனாங்கள்.

சின்னராசா: வழியிலயோ? நீர்கொழும்பில இருந்து வாற ஆள் மாங்குளத்தில முல்லைத்தீவுப் பக்கம் திரும்பவேணும். கிளிநொச்சியும் தாண்டிக் கண்டாவளைக்கு என்னண்டு வந்தனியள்?

நிரோஜா: அவருக்குப் பாதை பிழைச்சிட்டுது.

அப்புத்துரை: பிறந்த ஊருக்குப் பாதை பிழைச்சு வாற டிறைவர்! இவனை நம்பித்தான் வெள்ளைக்காரர் ஏறினம்.

சின்னராசா: சிரிக்கிறியள் அண்ணை.

அப்புத்துரை: ஆர் சிரிச்சது? வயரை வெட்டு. பத்து மீற்றர்.

நிரோஜா: பத்துக் காணாது அண்ணை. மாட்டுக்கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நான் காலாலை அளந்தனான். இருபத்தஞ்சு வேணும்.

அப்புத்துரை: வயர் நீண்டா கரண்ட் தேயும் எண்டு சொல்லு.

சின்னராசா: மெல்லிய வயரிலதான் அண்ணை அது. இது தடிச்ச ரெண்டரை கேபிள், மேல றப்பர். சுருட்டி வைக்காமல் விரிச்சுப் போட்டா இருபத்தஞ்சுக்கு ஒண்டும் செய்யாது.

அப்புத்துரை: இப்பிடித்தான் போன மாரியும் ஒரு லைற்றைத் தந்து, ஒண்டும் செய்யாது எண்டாய். கொண்டுபோய்ப் போட்டன். ஒண்டும் செய்யேல்லைத்தான்... வெளிச்சங்கூடத் தரேல்லை. பத்து மீற்றர்.

சின்னராசா: பத்தெண்டா வானை உங்கட வாசலடிக்குக் கொண்டு வரவேணுமே.

அப்புத்துரை: கொண்டரட்டன். கொட்டிலடி முழுக்க நுளம்பு. கடிச்சுக் கடிச்சுப் பிள்ளைக்கு முதுகு தடிச்சுப்போய்க் கிடக்கு.

சின்னராசா: அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அப்புத்துரை: மனுசி சொன்னாள்.

நிரோஜா: மாமிக்கு நான் இன்னும் சொல்லேல்லையே அண்ணை. இண்டைக்குக் காலமை கிணத்தடியில பிள்ளையைக் குளிக்க வாக்கேக்கதான் நானே கண்டனான்.

சின்னராசா: அண்ணை?

அப்புத்துரை: கிணறு என்ர கிணறு. தண்ணி எவ்வளவு கிடக்கெண்டு பாக்கப் போனனான். பிள்ளையின்ர முதுகு குறுக்க நிண்டது.

சின்னராசா: சரி, சரி. வானுக்குள்ள என்னென்ன ஓடுது தங்கச்சி?

நிரோஜா: பிரிஜ், பான், தண்ணி சுடவைக்கிற கேத்தில்.

சின்னராசா: அப்ப முன் அறையில இருக்கிற வட்டக் கம்பிப் பிளக்கில குடுத்திடாதேங்கோ அண்ணை. அது அஞ்சு அம்பியர். கேத்திலைப் போட்டா உருகும். சதுரக் கம்பிப் பிளக் எங்கை இருக்கு?

அப்புத்துரை: நடு ஹோலுக்குள்ள, எங்கட பிரிஜடியில.

சின்னராசா: அதில குடுக்கலாம். வயர் வெளியில வாறதுதான் பிரச்சினை. என்னட்டை வெளிச்சுவரில பூட்டுற பிளக் ஒண்டு இருக்கு, மழை படாமல் மூடியோட. சுவரில சின்னனா ஒரு ஓட்டை...

அப்புத்துரை: அது வீட்டுத்திட்டத்தில கட்டித் தந்த வீடு. ஓட்டை போட்டா சுவர் வெடிக்கும்.

சின்னராசா: யன்னலால விடுங்கோ.

அப்புத்துரை: நுளம்பு வலை அடிச்சுக் கிடக்கு. அதை வெட்ட விடமாட்டன்.

சின்னராசா: கூரைக்குக் கீழால?

அப்புத்துரை: குரங்கு பிடுங்கும்.

சின்னராசா: அப்ப தலையில காவிக்கொண்டு திரியுங்கோ! அடப்டர் பின் ஸ்ரோரில கிடக்கு, தேடி எடுத்துக்கொண்டு வாறன். அதுக்கிடையில ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு என்ர சாமானுகளை உடைச்சுப் போடாதேங்கோ.

அப்புத்துரை: கதைச்சாத்தானே சண்டை வரும். நீ போ.

நிரோஜா: நான் வெளியில நிக்கிறன் அண்ணை.

அப்புத்துரை: ...அதில பான் சுத்துது. அதுக்குக் கீழ நில்.

நிரோஜா: ஆருக்குச் சொல்லுறியள் மாமா?

அப்புத்துரை: இஞ்சை வேற ஆர் நிக்கினம்?

நிரோஜா: சரி மாமா... இதுதான் நீங்கள் என்னோட கதைச்ச முதல் கதை.

அப்புத்துரை: படலையில அண்டைக்குக் கதைச்சனான்தானே.

நிரோஜா: அது அவரோட. என்னை நீங்கள் பாக்கக்கூட இல்லை.

அப்புத்துரை: பச்சைச் சீலை கட்டியிருந்தனி.

நிரோஜா: ...ஓம் மாமா.

அப்புத்துரை: சொன்னது சொன்னதுதான். ஊர் முழுக்க நிண்டு கேட்டது. நான் சொல்லைப் பிறகு திருப்பி விழுங்கிற ஆளில்லை.

நிரோஜா: விழுங்கச் சொல்லி நாங்கள் கேக்கேல்லையே மாமா. அதாலதானே வரேக்க வீட்டையும் கூடக் கொண்டந்தம்.

அப்புத்துரை: வாய் இருக்கு உனக்கு.

நிரோஜா: அவரும் அதைத்தான் சொல்லுவார். உங்களுக்கு ஏத்த மருமகளாம்.

அப்புத்துரை: அவன் கனக்கச் சொல்லுவான்... என்னைப் பற்றி என்ன சொல்லுறவன்?

நிரோஜா: வெளியில உரல் மாதிரி எண்டு. உள்ளுக்கு என்னெண்டு தனக்கே தெரியாதாம்.

அப்புத்துரை: ம்.

நிரோஜா: மாமா, அப்ப அந்த வயர் எதாலதான் வரும்?

அப்புத்துரை: வாசக்கதவால.

நிரோஜா: கதவாலயோ! அப்ப கதவு சாத்தேலாதே.

அப்புத்துரை: ஏலாதுதான்.

நிரோஜா: இரவு முழுக்கவோ? பொழுது படமுன்னம் கொண்டி போட்டுப் பூட்டி, திறப்பைத் தலகணிக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுக்கிற ஆளாமே நீங்கள்?

அப்புத்துரை: வயருக்காகத் திறந்து கிடக்கட்டும். வயரை நசிச்சாப் பிறகு கரண்ட் அடிக்கும்.

நிரோஜா: பாம்பு கீம்பு வந்தா?

அப்புத்துரை: நான் ஹோலுக்குள்ளதான் படுக்கிறனான். வந்தாப் பாப்பம்.

நிரோஜா: பாம்பு வராட்டியும் யதுர்ஷிகா வருவாள் மாமா. கதவு திறந்து கிடக்கிறதைக் கண்டா அவள் நிக்கமாட்டாள். நேர உள்ளுக்குத்தான் ஓடுவாள்.

அப்புத்துரை: ஓடட்டன். நான் சொல்லேக்க அவள் பிறக்கேல்லை.

நிரோஜா: அவளைப் பிடிச்சுத் தூக்க ஆரும் வேணுமே.

அப்புத்துரை: மனுசிக்கு முழங்கால் ஏலாது. எனக்கு முதுகு.

நிரோஜா: அப்ப?

அப்புத்துரை: அப்ப என்ன... நீதான் வரவேணும். வயரில தடக்காமல் வா, பிள்ளை.

நிரோஜா: அவர், மாமா?

அப்புத்துரை: உந்த நீலச் சாமான் கழண்டா எனக்குப் பூட்டத் தெரியுமோ? அவன்தான் வந்து பாக்கவேணும். இரவில ரெண்டு மூண்டு தரம் வந்து பாக்கவேணும். அலுப்பெண்டா உள்ளுக்கே படுக்கட்டும். அவன்ர அறை அப்பிடியேதான் கிடக்கு, மனுசி கூட்டித் துடைச்சுத்தான் வைச்சிருக்கிறாள்.

நிரோஜா: மாமா...

அப்புத்துரை: அழாதை. சின்னராசா கண்டா, கடைக்குள்ள வைச்சு மருமகளைப் பேசிப்போட்டான் எண்டு பரந்தன் வரைக்கும் கதை போகும்.

நிரோஜா: என்ன சொன்னனியள்?

அப்புத்துரை: ஒண்டும் சொல்லேல்லை.

நிரோஜா: மருமகள் எண்டு சொன்னனியள்.

அப்புத்துரை: பழனியாண்டிக்கு நீ மகளெண்டா எனக்கு வேற என்ன? கண்ணைத் துடை.

நிரோஜா: துடைச்சிட்டன்... மாமா, ஒண்டு சொல்லவேணும். சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. கோவிக்கக்கூடாது.

அப்புத்துரை: கோவிக்கிறதோ இல்லையோ எண்டு கேட்டிட்டுத்தான் சொல்லுவன்.

நிரோஜா: எங்களுக்கு உண்மையா உங்கட கரண்ட் தேவையில்லை. வானுக்கு மேல சோலார் பூட்டியிருக்கு. உள்ளுக்குப் பெரிய பற்றறி இருக்கு. பான், பிரிஜ், கேத்தில் எல்லாம் அதிலயே ஓடும்... மாமிதான் சொன்னவா, வேற எதைக் கேட்டாலும் மனுசன் மாட்டன் எண்டு சொல்லும், பிள்ளைக்குப் புழுக்கம் எண்டு கரண்ட் கேட்டா மட்டும் இல்லையெண்டு சொல்லாது எண்டு. அதை நம்பவைக்கத்தான் நானும் பிளக் வாங்க வந்தனான். உங்களை ஏமாத்திப் போட்டம் மாமா.

அப்புத்துரை: என்னையோ? நீங்கள் வந்த அண்டு மத்தியானம், எல்லாரும் நித்திரையாக் கிடக்கேக்க, ஏணி வைச்சு வானுக்கு மேல ஏறிப் பாத்தனான். பெரிய கண்ணாடித் தட்டுகள், நல்ல வெய்யில் குடிச்சுக்கொண்டு கிடந்துது... இதை மனுசிக்குச் சொல்லிப்போடாதை, தான் வெண்டிட்டன் எண்டே அவள் இருக்கட்டும். சின்னராசா! டேய், பத்து வேண்டாம்... அஞ்சு மீற்றர் வெட்டு, காணும்!