துப்பாக்கி மடை

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல, இதே வெட்டுக்குளத்துல நடந்தது. நான் பாக்கல, நீங்களும் பாக்கல. பாத்தவுக சொல்லக் கேட்டவுக சொன்னது. இந்த வருசம் நீர்பாய்ச்சியா நிக்கப் போற சோலமலை கேட்டான்ல, "தண்ணி பங்கு வைக்கிறவன் எதுக்கு மாமா அந்தத் துப்பாக்கிக் குழாய்க்கு முன்னால நிக்கணும்"னு? கேட்டவன் இங்கன முன்னால வந்து உக்காரு. மத்தவுக செல்லை உள்ள வைங்க.

அப்ப கம்மா ஊருக்குப் பொது. ஆனா மடையத் தெறக்கணும்னா அரமனையில உத்தரவு வாங்கணும். அது ஒரு கொடுமை.

இந்த ஊருக்குப் பஞ்சவர்ணம்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தா. மாட்டு யாவாரி வீட்டுப் பொண்ணு. அவ அப்பன், அண்ணன்மாரு எல்லாம் சந்தை சந்தையாப் போறவுக. அவுக சந்தையில ஒரு மொறை இருந்துச்சாம். "என் மாடு சாது, முட்டாது"ன்னு எவனாச்சும் சொன்னா, வாங்குறவன் அதுக்கு மேல பேச மாட்டான். "அப்படியா, கயித்த உருவிட்டு முன்னால நில்லு"ம்பான். சொன்னவன் நிக்கணும். நின்னா யாவாரம் முடிஞ்சுச்சு. ஒரு அடி பின்னால வச்சான்னா அவன் மாடும் வேண்டாம், அவன் பேச்சும் வேண்டாம். சொன்னவன் நிக்கணும். இதை மனசுல முடிஞ்சு வச்சுக்கங்க.

ஒரு வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. கம்மாயில கொஞ்சூண்டு தண்ணி கெடக்கு. அரமனைச் சின்னவரு, அதான் ஜமீந்தார் மகன், "என் கரும்புக்கு மட்டும் விடு"ன்னுட்டாரு. மரியாதையாத்தான் சொல்றேன், எவ்வளவு தூரம் சொல்றேன்னு பாப்போம். குடியானவன் நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல காயுது. பஞ்சவர்ணத்தோட புருசன் மாயழகு. அவன் கேட்டானாம், "கம்மா வெட்டுனது எங்க பாட்டன், காயுறது மட்டும் எங்க பயிரா?" மயிலைக் காளையைக் கரையில கட்டிப்போட்டுட்டு, பட்டப்பகல்ல மடையில இறங்கித் தெறந்துட்டான்.

சின்னவரு குதிரையில வந்தாரு. இறங்கி நேரா கிட்டப் போயி, இடுப்புல இருந்து கைத்துப்பாக்கிய எடுத்தாரு. ஒத்த வெடி. வயக்காட்டுல நின்ன அம்புட்டுப் பேரும் கேட்டாக. மாயழகு மடைச் சேத்துல சாஞ்சான். சாயும்போது அந்தத் துப்பாக்கிய ஒரு பிடி பிடிச்சான் பாருங்க, சின்னவரால பிடுங்க முடியல. ஆளுக ஓடியாறதப் பாத்துட்டு, விட்டுட்டுக் குதிரையேறிட்டாரு.

பஞ்சவர்ணம் வந்து புருசன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு அதை எடுத்தா. கொள்ளு வச்சிருந்த குலுக்கைக்குள்ள பொதைச்சு வச்சா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலயாம்.

பொங்கல் கழிச்சுத் தாசில்தாரு விசாரணைக்கு வந்தாரு. அதுக்குள்ள அரமனையில கதை கட்டியாச்சு. "எவனும் எவனையும் சுடல. மாயழகை அவன் மாடே முட்டிருச்சு. நெஞ்சுல இருந்தது கொம்பு குத்துன ஓட்டை." வெடிச்சத்தம் கேட்டவுக எல்லாம் அரமனை நெலத்துல உழுதவுக. வாயத் தெறந்தா வயித்துல ஈரத்துணிதான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாக.

மாடு முட்டிச் செத்தான்னு எழுதிட்டா என்ன ஆகும்? சின்னவரு தப்பிச்சிருவாரு. மடை அரமனையிலயே கெடக்கும். அது கூடப் பரவாயில்ல, மாயழகு தன் மாட்டையே பழக்கத் தெரியாத பயன்னு பேரு நிக்கும். மாட்டு யாவாரி மகளால அதைத் தாங்க முடியுமா?

சாவடி முன்னால கூட்டம். கைப்புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா பஞ்சவர்ணம். மடியில இருந்து துப்பாக்கிய எடுத்துத் தாசில்தாரு மேசையில வச்சா.

"எசமான், மாடு முட்டுச்சுங்கறாக. முட்டுன கொம்பு இதுதான்."

சின்னவரு சிரிச்சாரு. "இது எங்க தாத்தா காலத்துச் சாமான். அரமனைச் செவத்துல சும்மா தொங்குனது. இவ புருசன் களவாண்டுட்டுப் போயிருக்கான். இது சுட்டு எத்தனையோ வருசம் ஆச்சு."

அவருக்குத் தெரியும்ல, அது என்னைக்காச்சும் வெளிய வரும்னு. அதனால மருதையில துப்பாக்கிக் கடை வச்சிருந்த ஒரு ஆளையும் கையோட கூட்டியாந்திருந்தாரு. தாசில்தாரு அந்த ஆள்கிட்ட, "இதுக்கு என்ன வயசு? என்ன பெறும்? பாத்துச் சொல்லும்"னாரு.

அந்த ஆளு கண்ணாடியத் தொடைச்சு மாட்டுனான். பிடியில இருந்த பூவேலையத் தடவுனான். குழாயில ஊதுனான். குண்டு போடுற உருளையத் திருகிப் பாத்தான். அது அசையல. மடைச் சேறும் துருவுமா இறுகிக் கெடக்கு.

"இந்தப் பூவேலை இப்பச் செய்யிறதில்லைங்க. இதுக்கு அறுவது வருசத்துக்குக் கொறையாது. உருளை சுத்தல, உள்ள ஒண்ணும் இருக்காது. செத்த சாமான். பழைய இரும்புக்குப் போட்டா ஒரு சொம்பு கெடைக்கும். அம்புட்டுத்தான்."

தாசில்தாரு பேனாவை மையில தொட்டுக்கிட்டு அப்படியே எழுதுனாரு. பழைய இரும்புன்னு எழுதி முடிச்சு, மாடு முட்டியதால்னு ஆரம்பிக்கப் போனாரு.

"கொஞ்சம் பொறுங்க எசமான்"னா பஞ்சவர்ணம். "இங்க ரெண்டு உருப்படி இருக்கு. என் மாடு முட்டும், அவுக துப்பாக்கி முட்டாதுங்கறாக. நான் என் மாடு சாதுங்கறேன். எங்க சந்தையில சொன்னவன் நிக்கணும். நான் நிக்கிறேன்."

மயிலைய ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நீளக் கயித்தப் பிடிச்சு ஓட்டியாரச் சொன்னா. புருசன் செத்ததுல இருந்து அது யாரையும் கிட்டச் சேக்கல. அவளே போயி மூக்கணாங்கயித்த உருவி விட்டுட்டு, இடுப்புப் புள்ளையோட அதுக்கு நேரா நின்னா. கூட்டம் ரெண்டா ஒதுங்குச்சு. மயிலை தலையத் தாழ்த்திச்சு, மண்ணைக் கெளறிச்சு, புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே வந்துச்சு. அவ ஒரு அடி அசையல. கிட்ட வந்து மோந்து பாத்துச்சு. பாத்துட்டு, புள்ளையோட உள்ளங்காலை நக்குச்சாம்.

"நான் சொன்னேன், நின்னேன்"னா. "இனி அவுக மொறை."

புள்ளையைப் பக்கத்துல நின்ன ஒரு பொம்பளைகிட்டக் குடுத்தா. மேசையில இருந்த துப்பாக்கிய ரெண்டு கையாலயும் எடுத்தா.

"வயசாச்சு, செத்துப் போச்சுங்கறீக. கெழட்டு மாடு முட்டாதுன்னு எந்தச் சந்தையிலயும் சொல்ல மாட்டாக. இருந்தாலும் உங்க பேச்சை நம்புறேன். சின்னவரே, முன்னால வந்து நில்லுங்க."

"ஏ புள்ள, என்ன திமிரு உனக்கு? டேய், எவன்டா அங்க, இவ முன்னால போயி நில்லுடா"ன்னு வேலைக்காரனை ஏவுனாரு சின்னவரு.

"வேலைக்காரனா சொன்னான்? சொன்னவன் நிக்கணும்." கடைக்காரன் பக்கம் திரும்புனா. "நீங்களும்தான சொன்னீக?"

"நான் பழசுன்னுதான் தாயி சொன்னேன். சுடாதுன்னு சத்தியமா பண்ணுனேன்?" அப்படின்னுட்டு அவன் தாசில்தாரு நாக்காலிக்குப் பின்னால போயிட்டான்.

பஞ்சவர்ணம் ஒரு அடி முன்னால வச்சா. சின்னவரு ஒரு அடி பின்னால வச்சாரு. அவ இன்னொரு அடி வச்சா. அவன் இன்னொரு அடி பின்னால வச்சான். ஆமா, அவன்தான். இதுக்கு மேல எனக்கு அவருன்னு வாயில வரல.

குனிஞ்சிருந்த தலை எல்லாம் நிமிந்துச்சு. கூட்டத்துல ஒருத்தன் மெதுவாச் சொன்னானாம், "பின்னால வச்சுட்டான்"னு. அப்பறம் ஒரு கெழவன் எந்திரிச்சு, "நான் வெடிச்சத்தம் கேட்டேன் எசமான்"னான். "நானும் கேட்டேன்." "நானும் கேட்டேன்." ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஊரே எந்திரிச்சு நின்னுச்சு.

தாசில்தாரு அரமனைச் சோறு தின்னவரு. மாடு முட்டுச்சுன்னு எழுத முடியல, சின்னவன் சுட்டான்னு எழுத மனசு வரல. 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிட்டாரு.

"உங்களுக்குத் தெரியல. ஊருக்குத் தெரியும்"னா பஞ்சவர்ணம்.

"சரி சரி. அந்தத் துப்பாக்கிய ஒப்படைச்சுட்டுப் போ."

"துப்பாக்கியா இருந்தா ஒப்படைக்கிறேன். பழைய இரும்புன்னு இப்பத்தான எழுதுனீக? இல்ல, அவுக தாத்தா சொத்துன்னா அவுகளே வந்து வாங்கிக்கிறட்டும்." சொல்லிட்டு, பிடியத் தன் கையில வச்சுக்கிட்டு குழாய் வாயைச் சின்னவன் பக்கம் நீட்டுனா. "இந்தாங்க."

வாங்க ஒருத்தனும் வரல. அதை இடுப்புல சொருகிக்கிட்டு, புள்ளையை வாங்கிக்கிட்டு, நேரா கம்மாக்கரைக்கு நடந்தா. மயிலை பின்னால போச்சு, அது பின்னால ஊரு போச்சு. புருசன் செத்த எடத்துல இறங்கி மடையத் தெறந்தா. அவ கண்ணுல அன்னைக்குத்தான் தண்ணி வந்துச்சுன்னு சொல்லுவாக. யாரும் தடுக்கல. அதுக்கப்பறம் மடையத் தெறக்க எவனும் அரமனைக்குப் போனதும் இல்ல.

பின்னாடி மடையக் கல்லு வச்சுக் கட்டும்போது, அவதான் அந்தத் துப்பாக்கிய நடுவுல வச்சுச் சுண்ணாம்பு போட்டுப் பூசச் சொன்னா. குழாய் வாய் மட்டும் வெளிய தெரியுது பாருங்க, அரமனை இருந்த தெசையப் பாத்து. அன்னைல இருந்து இது துப்பாக்கி மடை. நீர்பாய்ச்சியா வாறவன் எவனா இருந்தாலும், அந்த வாய்க்கு நேரா நெஞ்சக் காட்டி நின்னு, "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு பாக்காம பங்கு வைப்பேன்"னு சொல்லணும். உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

போன மாசியில டவுன்ல இருந்து ஒருத்தன் கார்ல வந்தான். "பெரியவரே, இது எந்த வருசத்துச் சாமான்? பேத்துக் குடுத்தா நல்ல வெலை வரும். உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் துரு"ன்னான். "அப்படியா தம்பி, முன்னால நின்னு சொல்லு"ன்னேன். பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்.

இம்புட்டுத்தான் கதை. ஏ சோலமலை, தண்ணி காத்துக்கிட்டு இருக்கு. துண்ட எடுத்து இடுப்புல கட்டு. போ, முன்னால போயி நில்லு.