பாம்பின் தலையில் தீ

அழகர்கோவில் பஸ்ஸில் நல்ல கூட்டம். என் பின் சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"பாம்போட தலையில மட்டும் தீய வச்சிட்டு வந்திருக்கேன் மாப்ள."

காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்தப் பாம்பு?"

"அடுப்புக்கரிதான்டா. டிரம்முக்குள்ள ஓரமாவே, பாம்பு சுருண்ட மாதிரி அடுக்கியிருக்கேன். ஒரு முனையில பத்த வச்சா, மறுமுனைக்கு மெல்லப் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். நடுவுல ஆட்டுத்தொடை. புகையிலயே பஞ்சு மாதிரி வெந்துரும்."

"அம்புட்டு நேரம் யாரு பாத்துக்கிறது?"

"யாரும் பாக்க வேணாம், அதான் விசேஷமே! ராத்திரி மாமனார் வீட்டு ஆளுக வர்றாக. அசந்துருவாக பாரு."

அவருக்கு போன் வந்தது. "அத்தை இப்பவே வந்துட்டாகளா?" என்றவர், அப்புறம் வெறுமனே கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னாச்சு மாப்ள?"

"அத்தை மூடியத் தொறந்து பாத்துருக்காக. ஒத்தக் கரிதான் கனியுது, பாவம், மருமகனுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியலன்னு, அம்புட்டுக் கரியவும் நடுவுல கூட்டி, முறத்தால விசிறி விட்டுட்டாகளாம். இப்பத்தான் நல்லா எரியுதுன்னு ரொம்ப சந்தோஷமா இருக்காகளாம்."

"தொடை?"

அவர் எழுந்து நின்றார்.

"கண்டக்டர் அண்ணே, பிரியாணிக் கடை வந்தா இறக்கி விடுங்க."