ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள்

— இறங்காத டியோங்கே. மேடு முடியட்டும்.

— இருபத்தி நாலு வயசுப் பொண்ணைச் சைக்கிள் பின்னாடி உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போறீங்களேப்பா. சோம்பா ஊரே வேடிக்கை பாக்குது.

— பாக்கட்டும். முப்பது வருஷமாக் கண்டவங்களை எல்லாம் இந்தச் சைக்கிள்ல ஏத்தி இறக்கித்தான் பொழைக்கிறேன். பெத்த பொண்ணை ஏத்தினா மட்டும் ஊருக்கு என்னவாம்?

— என்னை விட உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது.

— எனக்கு வாங்கினா, நின்னா அடங்கிடும். கேளும்மா, அந்த வெளிநாட்டு டாக்டர் அவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல பேசினாரு. நீ எனக்கு ரெண்டே வார்த்தைதான் சொன்ன. மாத்திரை தருவாங்க, ஆறு மாசம் கழிச்சு வரணும். மீதியை ஏன் முழுங்கின?

— வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.

— வீட்டுல உங்கம்மா இருப்பா. அவ முன்னாடி இன்னும் முழுங்குவ. இங்கயே சொல்லு.

— சரி, நிறுத்துங்க. அந்தப் பாறை மேல உக்காருவோம்.

— உக்காந்தாச்சு. சொல்லு.

— இதயத்துல இருக்கிற ஓட்டையை இனிமே அடைக்க முடியாதாம்ப்பா. இத்தனை வருஷமா ரத்தம் தப்பான பக்கம் பாஞ்சு பாஞ்சு, நுரையீரல் குழாயெல்லாம் இறுகிப் போச்சாம். இப்ப அடைச்சா, அந்த ஆபரேஷனே என்னைக் கொண்டு போயிடுமாம்.

— அப்ப?

— மாத்திரைதான். பாரம் தூக்கக் கூடாது. பிள்ளை பெத்துக்கக் கூடாது.

— அதையுமா சொன்னாரு?

— அதைத்தான் முதல்ல சொன்னாரு.

— எத்தனை வருஷம்னு ஏதாவது...

— கேக்கல. நீங்களும் கேக்காதீங்க.

— கடவுளே.

— அழாதீங்கப்பா. போறவங்க வர்றவங்க, நான் உங்களை அடிச்சுட்டேன்னு நினைக்கப் போறாங்க.

— விளையாடாத தாயே. சின்ன வயசுலயே அடைச்சிருந்தா?

— சரியாகியிருக்குமாம்.

— அப்ப உன்னைக் கொன்னது நான்தான்.

— என்ன பேச்சு இது? எனக்கு ஆறு வயசு இருக்கிறப்ப, வெளிநாட்டு டாக்டருங்க வர்றாங்கன்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. நாம போனோம். டாக்டருங்க வரல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

— வந்தாங்க.

— யாரு?

— டாக்டருங்க. அன்னிக்கு வந்தாங்க. நாமதான் போகல.

— போனோமேப்பா. விடியறப்பக் கிளம்பினோம். வழியில ஒரு பெரிய மாமரம். எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரிச்ச மந்தாசி உருண்டை வாங்கித் தந்தீங்க. நாள் பூரா என்னோட கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடினீங்க. வேணும்னே தோத்தீங்க. அப்படி ஒரு நாள் உங்களோட எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்ல.

— அந்த மரத்தைத் தாண்டி என் கால் நகரல. சாயங்காலம் வரைக்கும் உன்னை அங்கயே வச்சிருந்தேன். திரும்பிப் போய், டாக்டருங்க வரலைன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன்.

— ஏன்ப்பா?

— மேகம் கருக்குது. கிளம்பலாம் வா.

— உங்களைத்தான் கேக்கறேன். ஏன்?

— உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். லிம்பானி.

— எனக்கு அண்ணனா?

— அஞ்சு வயசு. உனக்கு இருக்கிற அதே ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே உதடு நீலமாயிடும். ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. எனக்கு எழுதத் தெரியாது, கட்டை விரலை மையில தோய்ச்சு வச்சேன். உள்ள கூட்டிட்டுப் போறப்ப என் கையை விடமாட்டேன்னுட்டான். நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டேன்.

— அப்புறம்?

— மறுநாள் துணியில சுத்திக் கொடுத்தாங்க. இதே சைக்கிள்லதான் கொண்டு வந்தேன்.

— இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட யாரும் சொல்லலியே.

— அந்தப் பேரை எடுத்தா உங்கம்மா மூணு நாள் அடுப்பு பத்த வைக்க மாட்டா. அந்த ஊரையே விட்டு வந்தோம். அப்புறம் நீ பொறந்த. உனக்கும் அதேன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்து உன் பேருக்குக் கடுதாசி வந்தப்ப, உங்கம்மா தைரியமா மூட்டை கட்டிட்டா. எனக்குத்தான் இன்னொரு கையைப் பிரிக்கத் தெம்பு இல்ல. கையில இருக்கிற பிள்ளை கையிலயே இருக்கட்டும்னு நினைச்சேன். அப்படியே உன் ஆயுசைத் தின்னுட்டேன்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— பின்ன எப்படிச் சொல்ல? இன்னிக்கு உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். என் மூஞ்சியில துப்பட்டும்.

— வேண்டாம்ப்பா.

— சொல்லத்தான் போறேன். என் பொண்ணை நான்தான்...

— நீங்க இல்லப்பா.

— சும்மா என்னைத் தேத்தாத.

— தேத்தல. டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா கூட அடைச்சிருக்கலாமாம்.

— அப்ப நம்மை யாரு கூப்பிட்டா?

— கூப்பிட்டாங்க.

— எப்ப? எனக்குத் தெரியாம எப்ப?

— டீச்சர் படிப்புக்குப் போனேனே, அந்த முதல் வருஷம். அங்க ஒருத்தருக்கும் என் கதை தெரியாது. பாவம்னு யாரும் பாக்கல. கையில இருந்து தண்ணி வாளியை யாரும் பிடுங்கல. சனிக்கிழமை ஆனா எல்லாரோடவும் ஆடுவேன். ரெண்டு பாட்டுக்கு அப்புறம், செருப்பு கடிக்குதுன்னு சொல்லி உக்காந்துக்குவேன். அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸம்மா போன் பண்ணாங்க. ஆபரேஷன் பண்ற டாக்டருங்க அடுத்த வாரம் வர்றாங்க, டியோங்கேகிட்டப் பேசணும்னாங்க.

— நீ என்ன சொன்ன தாயே?

— பக்கத்துல என் சிநேகிதிங்க எல்லாரும் இருந்தாங்கப்பா. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.