அடிமட்டம் வைத்து இழுத்த கோடு

1. காலை ஆறேகால். முதல் ஷெல் கோயிலுக்குப் பின்னால் விழுகிறது.
2. கூவிக்கொண்டு போனால் தூரம். சத்தமில்லாவிட்டால் கிட்ட. காதைக் கொடுத்தபடி ஓடுகிறோம். அம்மா, அண்ணா, நான்.
3. "படுங்கோ! படுங்கோ!" படுக்கிறோம்.
4. எழும்புகிறோம். இரண்டு பேர். அண்ணா படுத்த இடத்தில் வெறும் மணல்.

வன்னிக் கடற்கரை. எனக்கு ஒன்பது வயது. அண்ணா அமலனுக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே ஷெல்லில் செத்திருந்தார்.

இப்போது லண்டனில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து பதிகிறேன். இந்த வாரம் இங்கிலாந்தின் ஒரு சின்னக் கரையோரத் தேவாலயப் பங்கின் ஏடுகள். அந்த ஊரில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயிலும் போனது. ஏடுகளைச் சனங்கள் முதலே தூக்கி வந்திருக்கிறார்கள். ஞானஸ்நான ஏட்டில் ஒரு குழந்தையின் பெயர் கோடு போட்டு வெட்டப்பட்டிருக்கிறது. மை வேறு. கோடு நேர்.

"எழுதியவர் பிழை விட்டிருப்பார். நீ எதிலும் கொலை தேடுகிறாய்," என்று சிரித்தார் பக்கத்து மேசை ஹெலன்.

நான் நம்பவில்லை. பிழை விட்டவர் கிறுக்குவார். நேராகக் கோடு போட அடிமட்டம் தேடமாட்டார்.

எங்கள் பங்கிலும் குடும்ப ஏடு இருந்தது. அதைப் பார்த்து இயக்கம் வீட்டுக்கு ஒரு வளர்ந்த பிள்ளையைச் சண்டைக்குப் பிடித்துப் போன காலம். பங்குச் சுவாமி ஏட்டை விரித்து வைத்தார். வெளியே போய் நின்றார். அம்மா அண்ணாவின் பெயரை வெட்டினார். அடிமட்டத்தை அசையாமல் பிடித்தது நான். வந்தவர்கள் ஏட்டைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

அந்த ஏட்டைச் சுவாமி முகாம்வரை சுமந்து வந்தார். பிறப்புப் பதிவுகள் அரச கந்தோர்க் கட்டடத்தோடு எரிந்தன. காணாமற்போனவர்களைத் தேடும் அரச அலுவலகத்தில் அண்ணாவுக்காக விண்ணப்பித்தபோது பங்கு ஏட்டின் பிரதி கேட்டார்கள். எடுப்பித்தேன். அதில் ஒரே பிள்ளை. நான்.

கோட்டுக்கு விளக்கம் சொல்லிக் கடிதம் எழுதினேன். லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உந்தக் கடிதத்தை அனுப்பாதை."

"ஏனம்மா?"

"ஆர் வாசிப்பினம் எண்டு தெரியுமோ? அவன் இருந்தால், தேடிப் போவினம்."

"தேடத்தானே அனுப்புறன்."

"தேடுறதிலயும் ரெண்டு விதம் இருக்கு, பிள்ளை. நீ படிச்ச கம்ப்யூட்டர் உந்த வித்தியாசத்தைச் சொல்லித் தராது."

அம்மா சொல்வது பிழையென்று என்னால் நிரூபிக்க ஏலவில்லை. கடிதம் யார் யாருடைய மேசைக்குப் போகும் என்று அலுவலகத்திடம் விசாரித்தேன். பதில் வரவில்லை.

இழந்தவை. அப்பா. வீடு. பள்ளிக்கூடம். என் வகுப்பில் பதினொரு பேர். அண்ணாவைச் செத்தவர்களோடு எழுத அம்மா விடமாட்டார். காணாமற்போனவர்களோடு எழுத ஏடு விடாது.

கடிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அம்மாவுடைய இடம் வெறுமையாக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.