குவாரிக் காட்டுக்குக் கவாத்து

பஸ்ஸில் காதில் விழுவதையெல்லாம் எழுதிவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, அரவேணு தாண்டியதும் முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டபோதுதான்:

“ஏம்புள்ள, காடு வளக்கச் சொன்னா கவாத்து பண்ணி வெச்சிருக்கியே?”

மூடிப்போன சின்னக் கல்குவாரி ஒன்றுக்கு அவர் வாட்ச்மேன் என்பது பேச்சிலேயே புரிந்தது. குழியில் மண் நிரப்பி மரக்கன்று நட்டிருக்கிறார்கள். காலையில் ஆபீசர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அக்காவுக்கு எஸ்டேட்டில் கவாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது.

“ஒண்ணு ஒசரம், ஒண்ணு கட்டையா நின்னுச்சுங்க. ஆபீசர் பாக்கறப்ப அழகா இருக்கட்டுமேன்னு வெட்டுனனுங்க.”

“அவரு டேப்பு வெச்சு அளந்துட்டு, செடி வளரவே இல்லையேங்கறாரு.”

“அப்புறமுங்க?”

“மழை முடிஞ்சு மறுக்கா வருவாராம். அது வரைக்கும் ராத்திரியும் செடிக்குக் காவலா எனக்கு குவாரி ஷெட்டுதான். ஊட்டுக்கு வர முடியாது.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்த மழைக்காச்சும் ஊட்டுல ஒண்ணா இருக்கலாம்னு நெனச்சனுங்க. நானே கெடுத்துட்டேன்.”

“அட, வேரு நல்லா புடிச்சிருக்குதுன்னு ஆபீசரே சொன்னாரு. எல்லாம் துளுத்துரும் புள்ள.”

“நாளையிலிருந்து வேலை உட்டதும் நானும் ஷெட்டுக்கே வந்துடறனுங்க.”

“அங்க குளிரு உனக்குத் தாங்காது.”

“உங்களுக்கு மட்டும் தாங்குதாக்கும்? கம்பளி எடுத்துட்டு வர்றேன். குழி மேல் ஓரத்துல செடி பட்டுப்போன எடத்துல நாவமரக் கன்னு வெச்சுப் பாக்கலாமுங்க.”