குஞ்சம்மாளுக்கு வரைஞ்ச கண்ணு

மத்தியானம் பன்னெண்டரை மணி.

என்ன முழிக்கறீங்க? பேய் ராத்திரிதான் வரணும்னு யாரு சட்டம் போட்டது? இது உச்சி வெயில்ல நடந்தது. நல்லா நெருங்கி உக்காருங்க. அபிநயா, நீதான் எந்நேரமும் டேப்லெட்ல மூஞ்சி வரைஞ்சுட்டே இருக்கற. உனக்காகவேதான் சொல்றேன்.

ஆட்டையாம்பட்டியில இருந்து உள்ள பிரியற ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. ஆளு இல்ல. ஒரு காக்கா கூட இல்ல... ரஞ்சனி ஒத்தையா ஸ்கூட்டியில போயிட்டிருந்தா. யாரு ரஞ்சனி? என் சிநேகிதி தனப்பிரியாவோட சித்தி மக. முதுகுப் பையில ஒரு படம். அதுல ஒரு பொம்பளை கண்ணை மூடிட்டு இருக்கா. போற ஊட்டுல அதே பொம்பளை படம் கண்ணைத் தெறந்துட்டுத் தொங்குது. அதைக் கழட்டிட்டு இதை மாட்டிரணும். இல்லைன்னா பெத்த புள்ளைக்குக் கண்ணு போயிரும்னு ரஞ்சனிக்குப் பயம்.

ரஞ்சனி ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கா. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் பேனர் போடுவா. மூஞ்சி வரையறதுல கெட்டிக்காரி. ஒரு நாள் மாதையன்னு ஒருத்தர் வந்தாரு. எழுபது வயசு இருக்கும், முன்பல்லு ரெண்டு இல்ல. அவரு தங்கச்சி குஞ்சம்மாள் செத்துப்போச்சாம். இருக்கறது ஒரே போட்டோ. செத்தன்னிக்கு நாற்காலியில உக்கார வெச்சு, தாடையைக் கட்டி, மாலை போட்டு எடுத்தது. "கண்ணைத் தெறந்த மாதிரி போட்டுக் குடுங்க சாமி"ன்னாரு.

நம்ம பக்கம் இது ஒண்ணும் அதிசயம் இல்லையே. இருக்கற வரைக்கும் ஒரு படம் எடுக்க மாட்டோம். செத்த அப்புறம் கண்ணைத் தெறக்கச் சொல்லுவோம்.

ரஞ்சனி டேப்லெட்ல வரைய உக்காந்தா. தாடைக் கட்டை அழிச்சா. வெளுத்த உதட்டுக்கு ரத்தம் ஏத்தினா. புருவத்தை ஒவ்வொரு முடியா இழுத்தா. மூக்கோரத்துல எண்ணெய்ப் பளபளப்பு, கன்னத்துல பொடிப்பொடியா துவாரம்... எல்லாம் அச்சு அசலா வந்துச்சு. கண்ணுதான் வரலை. நாலு தடவை போட்டா. நாலும் பொம்மைக் கண்ணு. மாதையனுக்குப் போன் போட்டு, கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டா. அவரு, சாப்பிட்டீங்களா சாமின்னு பேச்சை மாத்தினாரு. அப்புறம், நல்ல கண்ணாப் பார்த்து நீங்களே போடுங்கன்னு வெச்சுட்டாரு.

மறுநாள் கருமாதி. நேரம் இல்ல. ரஞ்சனி தன் போன்ல இருந்து இனியா போட்டோவை எடுத்தா. இனியா அவ மக, ஒண்ணாவது படிக்கறா. மாதிரிக்குப் பார்த்து வரையறது வேற, எல்லாரும் செய்யறதுதான். இவ புள்ளை கண்ணை அப்படியே எடுத்து வெச்சுட்டா. இமை, கருவிழி, வெள்ளையில ஓடற சின்ன நரம்பு... ஒண்ணு விடலை. கடைசியா கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியில பேனா பட்டதும்... படம் அவளைப் பார்த்துச்சு.

நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டா, பாவம்.

படம் போய் மூணாம் நாள். இனியா கதவுல முட்டிக்கிட்டா. அப்புறம் தண்ணிக் குடத்துல. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்துட்டு, கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டாரு. திரும்பி வர்றப்ப பஸ்ல அம்மா மடியில சாஞ்சுக்கிட்டு இனியா மெதுவாச் சொல்லுச்சு. ஒரு தாத்தா தெரியறாராம். கும்பிட்டுட்டே அழறாராம். மூஞ்சிக்கு முன்னாடி வாடின சாமந்தி தொங்குதாம். தாத்தாவுக்கு முன்பல்லு ரெண்டு இல்லையாம்.

இனியா மாதையனைப் பார்த்ததே இல்ல.

மறுநாளே நாத்தனார் மஞ்சுளாகிட்ட புள்ளையை விட்டுட்டு, கண்ணை மூடின படம் ஒண்ணு அடிச்சு எடுத்துட்டுக் கிளம்பினா. அதுதான் நான் முதல்ல சொன்ன மத்தியானம்.

ஓட்டு வீடு. கதவு தெறந்திருந்தது. உள்ள பத்தி வாசம், அதோட அழுகின பூ வாசம். மாதையன் கட்டில்ல இருந்து எந்திரிச்சு உக்காந்தாரு. சுவத்துல குஞ்சம்மாள். அறுபது வயசு மூஞ்சியில ஆறு வயசுக் கண்ணு. ரஞ்சனியால நிமிர்ந்து பார்க்க முடியலை. தலையைக் குனிஞ்சுட்டே எல்லாத்தையும் சொன்னா.

கிழவன் தலையில கை வெச்சுக்கிட்டாரு. "எந்தங்கச்சிக்குப் பொறவியிலேயே கண்ணு தெரியாதுங்க சாமி. போற எடத்துலயாவது பார்க்கட்டுமேன்னுதான் தெறக்கச் சொன்னேன்... அது ஒரு புள்ளை கண்ணுன்னு எனக்குத் தெரியாதுங்க."

கழட்டிக்கச் சொல்லிட்டாரு. ரஞ்சனி கழட்டினா. கட்டில் மேல குப்புற வெச்சா.

போன் அடிச்சது.

மஞ்சுளா. பின்னாடி இனியா வீறிட்டு அழற சத்தம். இருட்டு, இருட்டுன்னு...

ரஞ்சனி படத்தைத் திருப்பினா. அழுகை டக்குன்னு நின்னுச்சு. போன்ல மூச்சு வாங்கற சத்தம் மட்டும். அப்புறம் சின்னக் குரல்.

"அம்மா... நீ ஏன் அழுவற?"

எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கற புள்ளை.

மாதையன் படத்தை வாங்கி, கண்ணாடியைத் தன் துண்டால தொடைச்சாரு. தங்கச்சியை ஒரு தடவை நல்லாப் பார்த்தாரு. "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சாமி. அவ பார்த்த வரைக்கும் போதும்"னு சொல்லிக் குடுத்துட்டாரு.

பையில போட முடியாது. இருட்டாயிருமே. அதே துண்டால ஸ்கூட்டி முன்னாடி, ரோட்டைப் பார்த்த மாதிரி கட்டிக்கிட்டா. கண்ணை மூடின படம் அங்கயே கட்டில்ல கிடந்துச்சு. அரை மணி நேரம் மெதுவா ஓட்டியிருக்கா. அந்த அரை மணி நேரமும் இனியா ஊட்டுல சுவத்தோரம் உக்காந்துட்டு, மரவள்ளிக் காடு, லாரி, வேகத்தடைன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிட்டே வந்துச்சாம். வேகத்தடைன்னு சொல்றப்ப உடம்பு தூக்கிப் போட்டுச்சாம். கடைசியா, நம்ம வாசல் வந்துருச்சுன்னுச்சாம். அதுக்கப்புறம்தான் மஞ்சுளாவுக்கு ஸ்கூட்டி சத்தமே கேட்டுச்சாம்.

படம் இப்ப ரஞ்சனி ஊட்டு முன்ரூமுல தொங்குது. பக்கத்துல ஒரு பேட்டரி விளக்கு. பத்தி கிடையாது, மாலை கிடையாது. மறைச்சிரும் பாருங்க. மாதையன் போன மாசம் போயிட்டாரு. அவருக்குப் படம் போட்டுக் குடுங்கன்னு வந்தவங்களை ரஞ்சனி கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிட்டா.

போன ஞாயித்துக்கிழமை தனப்பிரியா அங்க போயிருந்தா. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா, சத்தம் காட்டாம. இனியா கதவுக்கு முதுகைக் காட்டிட்டு, மூலையைப் பார்த்து உக்காந்திருந்துச்சு. படம் எதிர்ச் சுவத்துல, வாசலைப் பார்த்து.

"வாங்க பெரியம்மா. பச்சைச் சுடிதார் புதுசுங்களா?"ன்னு கேட்டுச்சாம்.

புள்ளை திரும்பவே இல்ல.